எச்சில் துப்பி அனுப்புற ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

சுங்கைசிப்புட்_வாசி:
அப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. 46 வயசுல நெஞ்சுவலி வந்து வெட்டுக்காட்டுலயே போயிட்டாரு. இப்ப அண்ணனுக்கு 41 வயசுல ஸ்டென்ட் வச்சிருக்கு. சிகரெட் கிடையாது, இனிப்புநீர் நோயும் கிடையாது. எனக்கு 37. ஆன்லைன்ல ஜீன் டெஸ்ட் கிட் 600 மலேசிய வெள்ளின்னு போட்டிருக்கான். வாங்கலாமா?

பழைய_டிரஸ்சர்:
தம்பி, காசு பையிலயே இருக்கட்டும். முதல்ல அண்ணன் காலைப் பாருங்க. குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி இருக்கிற தசைநாண் தடிச்சிருக்கா? விரல் முட்டியில மிளகு போல கட்டி இருக்கா? இருந்தா பரம்பரைக் கொழுப்பா இருக்கலாம். இல்லாட்டியும் சந்தேகம் தீராது. ஏறக்குறைய 250-300 பேர்ல ஒருத்தருக்கு இது உண்டு. கெட்ட கொழுப்பை ரத்தத்துலேர்ந்து ஈரல் சரியா இழுக்காது, பிறந்ததுலேர்ந்தே ஏறிக்கிட்டு இருக்கும். தேங்காய்ப்பாலைக் குறைச்சா மட்டும் இறங்காது. அப்பா, அம்மா ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தோட்டத்து ஆஸ்பத்திரியில நான் இருந்த காலத்துல இந்த மாதிரிச் சாவைக் காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு சொல்லிப் புதைச்சிருக்கோம்.

கிளினிக் கெசிஹாதான்ல, அதான் அரசாங்க கிளினிக்குல, 1 வெள்ளி கட்டிப் பேர் பதிஞ்சிட்டு, பசியாறாம கொழுப்பு டெஸ்டுக்குப் போங்க. எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு 4.9 mmol/L-ஐத் தாண்டினா அப்பா, அண்ணன் வயசை டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. சொல்லலேன்னா எண்ணெயைக் குறைங்கன்னு அனுப்பிடுவாங்க. ஜீன் டெஸ்ட் வேணும்னா அண்ணனுக்குத்தான் முதல்ல. அவருக்குப் பிழை எந்த இடத்துலன்னு தெரிஞ்சா உங்களுக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தாப் போதும்.

ஈப்போ_லேப்:
அண்ணே சொன்னது சரி. அந்த கிட்டுல பெரும்பாலும் தெரிஞ்ச சில இடத்தை மட்டும்தான் பார்ப்பாங்க. கெட்ட கொழுப்பை ஈரல் இழுக்க உதவுற எல்டிஎல்ஆர் ஜீன் ஒண்ணுலயே ஆயிரக்கணக்கான மாற்றம் பதிவாகியிருக்கு. 'ஒண்ணும் இல்லை'ன்னு ரிப்போர்ட் வந்தா நம்பி உட்கார்ந்திடாதீங்க. அதுல போடுற ஆபத்து மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஐரோப்பியர் ரத்தத்தை வச்சுப் போட்ட கணக்கு, நமக்கு அவ்வளவா ஒத்துவராது. இன்னொண்ணு, இந்த மாதிரி எச்சில் டெஸ்ட் செய்ற அமெரிக்காவோட 23அண்ட்மீ கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனு போட்டப்ப, கொடுத்த எச்சில் தகவல் யார் கைக்குப் போகும்னு வாடிக்கையாளருங்க அலைஞ்சாங்க.

சுங்கைசிப்புட்_வாசி:
அண்ணன் குதிகால் படம் அனுப்பினாரு. தடிச்சுத்தான் இருக்கு, சப்பாத்து உரசுதுன்னு ரொம்ப நாளா புலம்புவாரு. செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுக்கப் போறேன். மகளுக்கு 9 வயசு, அவளுக்குமா?

பழைய_டிரஸ்சர்:
உங்களுக்கு உறுதியானா அவளுக்கும் கொழுப்புப் பரிசோதனை. 9 சரியான வயசு, பயப்பட ஒண்ணுமில்ல. பள்ளியில படிவம் 4 பிள்ளைங்களுக்கு தலசேமியாங்கிற ரத்த நோய்க்கு ரத்தம் எடுக்கிறாங்களே, அதுவும் பரம்பரை நோய்தானே. அப்பா கூடப் பிறந்த அத்தை, சித்தப்பா யாரும் இருக்காங்களா? அவங்க பிள்ளைங்களுக்கும் தகவல் சொல்லிடுங்க.