லீட் சான்றிதழுக்கு ஒப்பந்ததாரரின் ஸ்டார்ட்-அப் அறிக்கைகள் போதுமா?

கேள்வி: உரிமையாளர் தரப்புப் பொறியாளர், சென்னை

வணக்கம். பழைய மாமல்லபுரம் சாலையில் 1,20,000 சதுர அடியில் எழுந்துவரும் அலுவலகக் கட்டடம் ஒன்றில் பணிபுரிகிறேன். லீட் வி4 எனும் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்குப் பதிவு செய்திருக்கிறோம், டிசம்பரில் ஒப்படைப்பு. கமிஷனிங் (கட்டடத்தின் அமைப்புகள் உரிமையாளர் கேட்டபடி இயங்குகின்றனவா என்று சரிபார்ப்பது) ஆவணங்களைக் கேட்டபோது, சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), பம்ப், ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்) ஆகியவற்றின் தயாரிப்பாளர்கள் முதன்முறை இயக்கிப் பார்த்துக் கையெழுத்திட்ட ஸ்டார்ட்-அப் அறிக்கைகளையும், காற்று மற்றும் நீரின் அளவைச் சரிசெய்த பேலன்சிங் அறிக்கையையும் ஒரே கோப்பில் வைத்து, "இதுதான் கமிஷனிங்" என்று ஏசி ஒப்பந்ததாரர் கூறுகிறார். கமிஷனிங் பொறுப்பாளர் என்று இதுவரை எவரையும் நாங்கள் நியமிக்கவில்லை. தம் நிறுவனத்திலேயே ஒருவரைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். இது செல்லுமா?

மறுமொழி 1: பசுமைக் கட்டட ஆலோசகர்

செல்லாது. அடிப்படைக் கமிஷனிங் என்பது புள்ளி தரும் பிரிவன்று, முன்நிபந்தனை. அது இல்லையெனில், மற்ற பிரிவுகளில் எத்தனை புள்ளிகள் பெற்றிருந்தாலும் சான்றிதழ் கிடைக்காது. இயந்திரம், மின்சாரம், குழாய்ப் பணி, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆகிய எல்லாம் அதில் அடங்கும். ஏசி மட்டும் அன்று.

ஒப்பந்ததாரரின் நிறுவனத்தைச் சேர்ந்தவர் பொறுப்பேற்க விதி முற்றிலும் தடை விதிக்கவில்லை. ஆனால் அவர் உங்கள் திட்டத்தின் வடிவமைப்புக் குழுவிலோ கட்டுமானக் குழுவிலோ இருக்கக் கூடாது. அந்தக் குழுக்களில் இருப்பவரே பொறுப்பேற்கும் சலுகை 20,000 சதுர அடிக்குக் குறைவான கட்டடங்களுக்கே உண்டு. இதை ஒத்த பணிகள் கொண்ட குறைந்தது இரண்டு கட்டடங்களில் கமிஷனிங் செய்த அனுபவம் வேண்டும். கண்டறிந்தவற்றை ஒப்பந்ததாரர் வழியாக அல்லாமல் நேரடியாக உரிமையாளரிடம் தெரிவிக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்குபவர் அவருடைய குறையை எழுதுவார் என்று எதிர்பார்ப்பதைவிட, வெளியாரை நியமிப்பதே நல்லது.

உங்கள் உண்மையான சிக்கல் காலதாமதம். வடிவமைப்பு விரிவாக்கக் கட்டம் முடிவதற்குள்ளேயே பொறுப்பாளரை நியமித்திருக்க வேண்டும். உரிமையாளரின் தேவைகளைக் கூறும் ஆவணத்தையும் வடிவமைப்பின் அடிப்படையை விளக்கும் ஆவணத்தையும் அவர் பரிசீலித்திருக்க வேண்டும். இப்போது பழைய தேதியிட்டு அவற்றை எழுதும் ஆசை வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தாமதத்தை உள்ளபடி எழுதி, சான்றளிக்கும் அமைப்பிடம் இப்போதே விளக்கம் கேளுங்கள். விரும்பினால் செய்யும் மேம்பட்ட கமிஷனிங்குக்கான கூடுதல் புள்ளிகளை மறந்துவிடலாம்.

மறுமொழி 2: கட்டடப் பராமரிப்பு மேலாளர், கோயம்புத்தூர்

நீங்கள் குறிப்பிடுவது போன்ற கோப்பு ஒன்றைப் பெற்றுக்கொண்டு கட்டடத்தைப் பொறுப்பேற்றவன் நான் என்பதால் எழுதுகிறேன். எங்கள் கூட்ட அரங்கில் மதியத்துக்கு மேல் எல்லோருக்கும் தலை கனத்தது. கட்டடத்தின் கருவிகளைக் கண்காணிக்கும் கணினி அமைப்பான பிஎம்எஸ்ஸின் திரை, வெளிக்காற்றை உள்ளே விடும் தகட்டுக் கதவான டாம்பர் 100 சதவீதம் திறந்திருப்பதாகக் காட்டியது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், டாம்பரைத் திருப்பும் சிறு மோட்டாரான ஆக்சுவேட்டர் ஒழுங்காகச் சுழல்கிறது. அதை டாம்பர் தண்டோடு பிடித்திருக்க வேண்டிய திருகு இறுக்கப்படாததால் தகடு மூடியபடியே கிடக்கிறது. திரை காட்டியது ஆக்சுவேட்டரின் நிலையை. தகட்டின் நிலையை அன்று. ஏஎச்யூவின் ஸ்டார்ட்-அப் அறிக்கையில் மோட்டார் மின்னோட்டம், அதிர்வு, பெல்ட் இழுவை எல்லாம் சரியாகவே இருந்தன, ஏனெனில் இந்தத் தகட்டைப் பார்ப்பது அந்த அறிக்கை எழுதியவரின் வேலையே அன்று.

சில்லரிலும் இதே கதைதான். நிமிடத்துக்கு 720 கேலன் நீர் ஓடி, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 10 டிகிரி ஃபாரன்ஹீட் வேறுபாடு இருந்தால் 300 டன் (குளிரூட்டும் திறனின் அலகு) குளிர்ச்சி கிடைக்கும். நிறுவிய காலத்தில் குழாய்களைக் கழுவுவதற்காகத் திறந்த பைபாஸ் வால்வுகளை (நீரை ஏஎச்யூவுக்குள் விடாமல் சுற்றுவழியில் திருப்புபவை) எங்கள் கட்டடத்தின் சில தளங்களில் யாரும் மூடவில்லை. வேறுபாடு 5 டிகிரிக்கு இறங்கியது. அதே நீர், அதே பம்ப் மின்சாரம், ஆனால் 150 டன்தான். சில்லரில் ஒரு குறையும் இல்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. டிசம்பரில் கட்டடம் ஆளில்லாமல் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். அப்போது எதைச் சோதிப்பது?

மறுமொழி 1: பசுமைக் கட்டட ஆலோசகர்

கட்டுப்பாட்டு முறைகளைச் சோதிக்கக் கூட்டம் தேவையில்லை. கார்பன் டையாக்சைடு சென்சாரின் அருகில் மூச்சை ஊதிவிட்டு, டாம்பர் தகடு திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். திரையைப் பார்க்க வேண்டாம். ஒரு பம்பை நிறுத்தி, மாற்றுப் பம்ப் தானே ஓடுகிறதா என்று பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, ஜெனரேட்டர் வந்தபின் ஏஎச்யூக்கள் எந்த வரிசையில் எழுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஎம்எஸ்ஸில் 15 நிமிட இடைவெளியில் ஒரு வாரப் பதிவை எடுத்தால், இரவில் அணைந்திருக்க வேண்டியவை ஓடுவது தெரிந்துவிடும்.

முழுச்சுமைச் சோதனை மட்டும் அக்னி நட்சத்திரம் வரை காத்திருக்க வேண்டும். மேம்பட்ட கமிஷனிங்கில் கட்டுமானம் நிறைவுற்ற 10 மாதங்களுக்குப் பிறகு ஒரு மறு ஆய்வு உண்டு. புள்ளியை நீங்கள் கோராவிட்டாலும் அதை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். ஒப்படைத்த பின்னும் குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய குறைநீக்கப் பொறுப்புக் காலம் ஓராண்டு என்றால், அப்போதும் ஒப்பந்ததாரரின் செலவிலேயே சரிசெய்யலாம். அவருக்குத் தர வேண்டியதில் பிடித்தம் செய்த தொகையும் உங்கள் கையில் இருக்கும்.

கேட்டவர்

இன்று மூன்றாம் தளத்தில் நான்கு வெளிக்காற்று டாம்பர்களை ஏணியில் ஏறிப் பார்த்தோம். மூன்று திறந்தன. நான்காவதன் ஆக்சுவேட்டருக்கு மின்கம்பியே இழுக்கப்படவில்லை. அதற்கும் ஸ்டார்ட்-அப் அறிக்கையில் கையெழுத்து இருக்கிறது.