ஃபோஷான் அலுமினிய விலை ஒரே மாதத்தில் 18% ஏறியது: இதில் எவ்வளவு நியாயம்?

வடகரை (கேள்வி, டிசம்பர் 2024; கீழே மற்றவர்களின் பதில்கள்)

வணக்கம். ஜன்னல் சட்டத்துக்கான 6063-டி5 ரக அலுமினிய புரொஃபைல் (நீளச் சட்டத் துண்டு), பவுடர் கோட்டிங்குடன், 20 அடி கன்டெய்னர் ஒன்று. சீனாவின் ஃபோஷானில் உள்ள ஓர் ஆலை நவம்பர் முதல் வாரம் சொன்ன விலை டன்னுக்கு 3,030 டாலர், எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை). இப்போது கேட்பது 3,575. "அரசு வாட் ரிபேட்டை நிறுத்திவிட்டது" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம் (ஏற்றுமதிக்கு மதிப்புக்கூட்டு வரியைத் திருப்பித் தருவதுதான் இந்த ரிபேட்). முழு உயர்வும் அதனால்தானா? 30% முன்பணத்தை ஹாங்காங் கணக்குக்கு அனுப்பச் சொல்வது சரியா? பிப்ரவரி முதல் வாரம் கப்பலேற்றிவிடுவோம் என்கிறார்கள், நடக்குமா?

கணக்குப்புள்ளி

ரிபேட் போனது உண்மை. சீன நிதி அமைச்சகமும் வரி நிர்வாகமும் நவம்பர் 15 அன்று அறிவித்தன, டிசம்பர் 1 முதல் அமலாகிவிட்டது. அலுமினியம், செம்பு உள்ளிட்ட 59 வரி இனங்களுக்கு 13% ரிபேட் அடியோடு ரத்து. சூரியத் தகடு, பேட்டரி போன்ற 209 இனங்களுக்கு 13-லிருந்து 9 ஆகக் குறைப்பு. உங்கள் புரொஃபைல் எச்.எஸ். (சுங்க வகைப்பாட்டு எண்) 7604, அது ரத்தான பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி டிக்ளரேஷனில் உள்ள தேதியைத்தான் பார்ப்பார்கள். அக்டோபரிலேயே ஒப்பந்தம் போட்டவருக்கும் சரக்கு டிசம்பரில் போனால் ரிபேட் இல்லை.

ஆனால் அந்த ரத்து எவ்வளவு தூரம் விலையை ஏற்றலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஷாங்காய் ஃபியூச்சர்ஸ் எக்ஸ்சேஞ்சில் ஓடும் அலுமினிய விலையில் 13% வாட் ஏற்கெனவே அடக்கம். கணக்குக்காக ஒரு டன் அலுமினியக் கட்டியின் விலை 20,000 யுவான், வேலைக்கூலி 5,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 25,000, வாட் உட்பட. ரிபேட் இருந்தபோது ஆலைக்கு 25,000 ÷ 1.13 = 22,124 யுவான் வந்தால் போதும். டாலருக்கு 7.3 யுவான் என்றால் 3,031 டாலர். ரிபேட் இல்லாமல் அதே லாபம் பார்க்க முழு 25,000, அதாவது 3,425 டாலர் வேண்டும். அதிகபட்ச உயர்வு 13%. உங்களிடம் கேட்பது 18%. மிச்சம் இருக்கும் டன்னுக்கு 150 டாலர், ஏறக்குறைய 1,100 யுவான், ரிபேட்டால் வந்ததல்ல. கட்டி விலை ஏறியதா என்று இரு தேதிகளின் ஷாங்காய் விலையை ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏறவில்லை என்றால் அது வெறும் கூடுதல் லாபம்.

இனி ஒற்றை டாலர் விலை வாங்காதீர்கள். கட்டி விலை எந்த நாளுடையது, வேலைக்கூலி எவ்வளவு, எந்த நாணய மாற்று விகிதம் என்று மூன்றையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டி விலை முன்பணம் வந்து சேர்ந்த நாளோடு பூட்டப்பட வேண்டும். அதன்பின் வரிச்சட்டம் மாறினால் சுமை யாருக்கு என்பது ஒரு வரியில் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்த 13 சதவீதத்தையும் அப்படியே தலையாட்டி ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சீனாவில் வீட்டுக் கட்டுமானம் படுத்திருக்கிறது, கட்டட புரொஃபைல் ஆலைகளுக்கு ஆர்டர் தேவை. பாதியாவது பேரம் பேசலாம்.

துறைமுகம்

பணம் பற்றி. ஹாங்காங் கணக்கு என்றாலே மோசடி என்று சொல்ல முடியாது, பல ஆலைகள் அங்கே ஒரு துணை நிறுவனம் வைத்திருக்கின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் ஆலையின் பெயரும் வங்கியில் வேறொரு பெயரும் இருந்தால், தகராறு வந்த அன்று ஆலை "எங்களுக்குப் பணம் வரவில்லை" என்று சொல்லிவிடும். ஆலையின் சீன மொழிப் பெயரையும் 18 இலக்கப் பதிவுக் குறியீட்டையும் வாங்கி, அந்நாட்டு அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் தேடிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் உள்ள வட்டச் சிவப்பு முத்திரையில் அதே சீனப் பெயர் இருக்க வேண்டும், ஆங்கிலப் பெயருக்கு அங்கே சட்ட மதிப்பு இல்லை. ஹாங்காங் நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றால் அதையும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேருங்கள். நடுவில் "கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஒரு டாலரும் நகரக் கூடாது.

தேதி நடக்காது. சீனப் புத்தாண்டு 2025 ஜனவரி 29. ஊழியர்கள் அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், விளக்குத் திருநாளான பிப்ரவரி 12 வாக்கில்தான் லைன் முழுதாக ஓடும். பிப்ரவரி தொடக்கத்தில் கப்பலேற வேண்டிய சரக்கு ஜனவரி 15-க்குள் பேக் ஆகியிருக்க வேண்டும். புது டை (புரொஃபைலுக்கு வடிவம் தரும் அச்சு) வெட்டி மாதிரி ஒப்புதல் ஆக மட்டுமே இரண்டு வாரம் போகும். அவசரப்படுத்தினால் முதலில் அடிவாங்குவது பூச்சுக்கு முந்தைய கழுவல்தான். ஆறு மாதம் கழித்துப் பெயிண்ட் உரிவது அதனால்தான். மார்ச் என்றே திட்டமிடுங்கள்.

நீளத்தையும் பாருங்கள். 20 அடி கன்டெய்னரின் உள்நீளம் 5.9 மீட்டர்கூட முழுதாக இல்லை. 6 மீட்டர் என்று ஆர்டர் போட்டால் நேராக ஏறாது, 5.8 என்று எழுதுங்கள்.

எடையில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். டை தேயத் தேயச் சுவர் தடிக்கும், மீட்டருக்கான எடை கூடும். விலை டன் கணக்கில் என்பதால் அதே எண்ணிக்கைத் துண்டுகளுக்கு அதிகம் கொடுப்பீர்கள். "வரைபட எடைக்கு மேல் 3% வரைதான் பணம், பேக்கிங் காகிதம் நீங்கலாக" என்று எழுதிவிட்டால் டையை அவர்களே சரியான நேரத்தில் மாற்றுவார்கள். பரிசோதகர் கடினம் அளக்கும் வெப்ஸ்டர் இடுக்கியால் அழுத்திப் பார்க்கட்டும்: சீனத் தரமான ஜி.பி. 5237-படி 6063-டி5 குறைந்தது 8 காட்ட வேண்டும். பவுடர் பூச்சு வெளியே தெரியும் முகத்தில் எந்த இடத்திலும் 40 மைக்ரானுக்குக் கீழே போகக் கூடாது. மீதி 70% பணம் பரிசோதகரின் அறிக்கைக்குப் பிறகுதான்.

வடகரை

மிக்க நன்றி இருவருக்கும். பிரித்துக் கேட்டதும் ஆலை 3,400-க்கு இறங்கியது. கூடவே ஒரு யோசனையும் சொல்கிறார்கள்: "7610, கட்டமைப்புப் பாகம் என்று டிக்ளேர் செய்தால் ரிபேட் கிடைக்கும், பழைய விலைக்கே தருகிறோம்." செய்யலாமா? இல்லை, வியட்நாம் பக்கம் போகலாமா?

நெடுங்கடல்

முதல் யோசனைக்குத் தலையாட்டாதீர்கள். வெட்டி, துளையிட்டு, பொருத்தத் தயாரான பாகமாக இருந்தால் மட்டுமே 7610. வெறும் நீளத் துண்டை அப்படி எழுதினால், அங்கே கஸ்டம்ஸ் பிடித்துக் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்கும், மாட்டிக்கொள்வது உங்கள் 30% முன்பணம். தப்பிப் போனாலும் நீங்கள் இறக்கும் இடத்தில் ஆவணத்தில் உள்ள அதே தவறான குறியீட்டைக் காட்டும் நிலை வரலாம். அங்கே அபராதம் இறக்குமதியாளரான உங்கள் தலையில். துளையிடும் வேலையை உண்மையிலேயே அந்த ஆலையிடம் ஒப்படைக்க முடிந்தால் அது வேறு கதை, அப்போது கணக்கு உங்கள் பக்கம் சாயும். பீஜிங் விரும்புவதும் அதுதான்: உலோகமாக வெளியே போவதைவிட, வேலைப்பாடு செய்த பொருளாகப் போகட்டும் என்று. உருக்காலைத் திறனுக்கு 4.5 கோடி டன் என்று 2017-இல் உச்சவரம்பு வைத்துவிட்டார்கள், இருக்கும் உலோகத்திலிருந்து அதிக வருமானம் எடுப்பதே வழி. உலக அலுமினியத்தில் பாதிக்கு மேல் அங்கே உருகுவதால், நவம்பர் 15 அறிவிப்பன்றே லண்டன் சந்தையிலும் விலை துள்ளியது. வேறு நாட்டில் வாங்குபவரும் இதிலிருந்து தப்பவில்லை.

வியட்நாம் பற்றி ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் சீன அலுமினிய புரொஃபைலுக்கு 2021-இல் 21.2 முதல் 32.1% வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. வியட்நாமே 2019-இல் சீனச் சரக்குக்கு அதே வகை வரி போட்டது. ஆகவே அங்கிருந்து சந்தேகப்படும்படி மலிவான விலை வந்தால், சீனப் புரொஃபைலுக்குச் சீட்டு மட்டும் மாற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டும். எந்த உருக்காலையின் கட்டி, எந்த ஆலையில் பில்லட் (உருளைக் கட்டி) ஆனது, எந்த பிரஸ்ஸில் (சட்டமாக்கும் எந்திரத்தில்) இழுத்தார்கள் என்று மூன்று ஆவணம் கேளுங்கள். பிரஸ் உள்ளவர் ஒரே நாளில் அனுப்புவார், இல்லாதவர் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

3,400 என்பது கணக்குப்புள்ளி சொன்ன எல்லைக்குள் வந்துவிட்டது. அதிலேயே டை உரிமை உங்களுடையது, டை கட்டணம் எத்தனை டன்னுக்குப் பின் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். விடுமுறைக்குப் பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.