நியூசிலாந்தில் கேம்பர்வேன், கூடவே ரெண்டு வயசு வாண்டு

கேம்பர்வேன், அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை உள்ள வண்டி, புக் பண்றப்ப எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தனை பேர் படுக்கலாம்னு. பிள்ளை இருந்தா அதைக் கடைசியா கேளுங்க. எந்த சீட்டுல கார் சீட் மாட்டலாம், அங்க தோள் பெல்ட் இருக்கா, கார் சீட்டோட மேல்பட்டையை மாட்டப் பின்னாடி கொக்கி இருக்கா? இந்த மூணுக்கும் எழுத்துல பதில் வாங்கிட்டுக் காசு கட்டுங்க. அங்க 7 வயசு ஆகுற வரைக்கும் கார் சீட் கட்டாயம். ரெண்டு பேர் வண்டி பலதுல மாட்ட இடமே கிடையாது. பெரிய வண்டியிலயும் மேசையைச் சுத்தி இருக்கிற எல்லா சீட்டும் ஆகாது. பக்கவாட்டுல பார்க்கிற சீட் வேணவே வேணாம். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தா, நம்ம சிங்கப்பூர்ல விக்கிற பல கார் சீட் அதுல நிக்காது. பெல்ட் இல்லாம கார் சீட்டை மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

இன்னொரு சங்கடம். சில வண்டியில கார் சீட் இருக்கிற இடமே ராத்திரி படுக்கையா மாறும். தினமும் கழட்டி மாட்டணும். நாலாவது நாள் காலை அவசரத்துல மேல்பட்டை கொக்கியில ஏறாமலே வண்டி கிளம்பிடும். மாட்டினதும் பெல்ட் போற இடத்துல சீட்டைப் பிடிச்சு ஆட்டுங்க. ஒரு அங்குலத்துக்கு மேல அசைஞ்சா மறுபடி இறுக்கணும். பின்னாடி நிரந்தரப் படுக்கை உள்ள வண்டியில இந்த வேலை இல்ல. வாடகை கூடத்தான், ஆனா செலவு பண்ணலாம்.

ஆட்டோ கியர் மட்டும் ஓட்டுற 3ஏ லைசன்ஸ்காரங்க, வண்டி ஆட்டோ கியரான்னு கேட்டுக்கோங்க. மேனுவலும் ஓடுது.

* * *

சோத்துக்கு வருவோம். ரைஸ் குக்கர் தாராளமா எடுத்துட்டுப் போலாம். ரெண்டு ஊர்லயும் 230 வோல்ட்தான், ப்ளக் மட்டும் ஆஸ்திரேலியா மாதிரி. ஆனா வண்டி நிறுத்துற கேம்ப்ல மின் இணைப்புள்ள இடத்தை எடுத்து கேபிளை மாட்டினாத்தான் அந்த சாக்கெட்ல கரண்ட் வரும். கேம்புக்கு வெளியில நிறுத்தினா விளக்கு, தண்ணி பம்ப், யுஎஸ்பி மாதிரி பேட்டரியில ஓடுறது மட்டும்தான்.

கேபிள் மாட்டியும் கரண்ட் போகுதுன்னு புலம்புறவங்க கணக்கைப் பார்க்கணும். 15 ஆம்பியர்னா ஏறக்குறைய 3,450 வாட். ஹீட்டர் 2,000, கெட்டில் 2,000. ரெண்டையும் சேர்த்துப் போட்டா பிரேக்கர் விழும். பால் தண்ணிய கேஸ் அடுப்புல வைங்க, ஹீட்டர் பாட்டுக்கு ஓடட்டும். டீசல் ஹீட்டர் உள்ள வண்டின்னா டாங்கியைக் கால் அளவுக்குக் கீழே விடாதீங்க. வண்டி நடுவழியில நிக்காம இருக்க, அதுக்குக் கீழே ஹீட்டருக்கு டீசல் போகாத மாதிரி வச்சிருப்பாங்க. விடியக்காலை 3 மணிக்குக் குளிர்ல முழிப்பீங்க. அதுக்காக அடுப்பைப் பத்த வச்சு அனல் காய்றது மட்டும் கூடாது, மூடின வண்டியில விஷவாயு சேரும்.

தேக்கா மார்க்கெட்ல வாங்கின கறிவேப்பிலை, தேன் ரெண்டையும் வீட்டுலயே விட்டுடுங்க. மசாலா, பால் மாவு எல்லாம் கடை பாக்கெட் பிரிக்காம எடுத்துட்டுப் போய் அங்க விமான நிலையத்துல டிக்ளேர் பண்ணுங்க. மாட்டிக்கிறது பெரும்பாலும் மசாலா இல்ல. விமானத்துல குடுத்த ஆப்பிளைப் பிள்ளை பாதி கடிச்சிட்டு ஸ்ட்ரோலர் பையில போட்டிருக்கும். சொல்லாம விட்டா அங்கேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம்.

* * *

யாரும் பேசாத கழிவறை. கழிவு சேர்ற பெட்டி ஏறக்குறைய 18 லிட்டர்தான். பேம்பர்ஸ் உள்ள போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், வெட் டிஷ்யூ போட்டுடுவாங்க. அது பெட்டி வாயைத் தட்டு மூடுற இடத்துல சிக்கும், தட்டு முழுசா மூடாது, பெட்டி வெளியில வராது.

காலி பண்றப்ப: உள்ள தட்டை மூடுங்க, வெளிக்கதவைத் திறந்து பெட்டியை இழுங்க, கழிவு நிலையத்துல பெட்டியோட குழாய் மூக்கைத் திருப்புங்க. ஊத்துறப்ப கைப்பிடி பக்கத்துல இருக்கிற காற்று பட்டனைக் கட்டைவிரலால அமுக்கியே இருங்க. விட்டுட்டா குபுக் குபுக்னு தெறிச்சு ஷூ முழுக்க ஆகும். அலசிட்டு ரெண்டு லிட்டர் தண்ணியும் கழிவறை மருந்தும் ஊத்தி மாட்டுங்க. அங்க அலசுறதுக்கு வச்சிருக்கிற குழாயில குடிதண்ணி பிடிக்காதீங்க. அதுக்குத் தனிக் குழாய், பலகை போட்டிருக்கும்.

* * *

ஒரு நாளைக்கு மூணு மணி நேர ஓட்டம் போதும். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாப்போ 225 கிலோமீட்டர் சொச்சம், முதல் நாளுக்கு அதுவே ஜாஸ்தி. ராத்திரி விமானத்துல இறங்கின கையோட ஓட்டாதீங்க. மேப் சொல்ற நேரம் காருக்கு. 3.5 டன்னுக்கு மேல உள்ள வண்டிக்கு மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சம். வளைவுல ரெண்டு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்க வாந்தி எடுக்கலாம், கையில ஐபேட் குடுத்தா இன்னும் ஜாஸ்தி.

தூக்கம் இன்னொரு கணக்கு. டிசம்பர்ல நம்மைவிட 5 மணி நேரம் முன்னாடி. இங்க 8 மணிக்குப் படுக்கிற பிள்ளைக்கு அங்க மணி 1. குவீன்ஸ்டவுன்ல 9 தாண்டியும் வெளிச்சம் வேற. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு டிசம்பர் எதுக்கு? மார்ச்ல போங்க, கூட்டமும் குறைவு. எப்ப போனாலும் துணிக் கிளிப் ஒரு டஜன் எடுத்துக்கோங்க. வண்டித் திரை எதுவும் முழுசா மூடாது.