பிடிஎஃப் முதன்முதலில் உங்களைக் கவிழ்த்த இடம் எது?

அரைத்தூக்கம்:
எனக்கு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில். பிடிஎஃப் என்றால் நிகழ்தகவு அடர்த்திச் சார்பு: அது வளைவின் உயரம், அதற்கு அடியில் உள்ள பரப்புதான் நிகழ்தகவு. 0 முதல் 0.5 வரை சீரான பரவல், அடர்த்தி எவ்வளவு என்று தேர்வாளர் கேட்டார். 2 என்று எழுதினேன். "நிகழ்தகவு 1-ஐத் தாண்டுமா?" என்றார், அவ்வளவுதான். உடனே 2-ஐ அடித்துவிட்டு 0.5 என்று எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அடித்த அந்த 2-ஐச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது: அகலம் 0.5, உயரம் 2, பெருக்கினால் 1. அவர் கேட்டது நிகழ்தகவைப் பற்றி, நான் எழுதியிருந்தது அடர்த்தி.

குறுக்குக்கோடு:
எக்செல்தான் என்னைக் கவிழ்த்தது. மணி வடிவ இயல்நிலைப் பரவலுக்கான நார்ம்.டிஸ்ட்டில் சராசரி 0, திட்ட விலக்கம் 0.1, கடைசியில் ஃபால்ஸ் (அப்படிப் போட்டால் அடர்த்தி வரும்). 0-க்கு 3.989 என்று வந்தது. தப்பாக அடித்துவிட்டேன் என்று மூன்று தடவை திரும்ப அடித்தேன். அப்புறம் ட்ரூ போட்டதும் (அப்போது அந்த எண் வரையிலான மொத்த வாய்ப்பு வரும்) 0.5. அப்பாடா என்று அதையே ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டேன். கேட்டிருந்தது 0-க்குப் பக்கத்தில் விழும் வாய்ப்பு; நான் கொடுத்தது 0-க்குக் கீழே விழும் வாய்ப்பு. இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

சும்மா_வந்தேன்:
தலைப்பைப் பார்த்து, ஃபைல் திறக்காத கதை என்று நினைத்து வந்தேன். சரி, வந்ததற்கு ஒன்று.

டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த காலம். "உயரம் சரியாக 170 செ.மீ. இருக்க நிகழ்தகவு 0 என்றால், 170 உயரத்தில் யாருமே கிடையாதா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். "ஃபார்முலா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். அன்று அதை மறுபடி எடுக்கவே இல்லை.

அளவுகோலில் 170 என்று படிப்பது 169.5-க்கும் 170.5-க்கும் நடுவில் எங்கேயோ என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சராசரி 170, திட்ட விலக்கம் 7 என்றால் உச்சியில் அடர்த்தி 0.057. ஒரு செ.மீ. அகலத்தால் பெருக்கினால் 100-க்கு 5 அல்லது 6 பேர். அதே வளைவை மீட்டரில் வரைந்தால் உச்சி 5.7 ஆகிவிடும். ஆட்கள் என்னவோ அதே ஆட்கள்தான். உயரம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறட்டும், ஆனால் ஏதோ ஓர் எண்ணில் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் பரப்பு 1-க்குள் அடங்காது.

நேர்க்கோடு:
மேலே சொன்ன கடைசி வரி தப்பு. நிற்க வேண்டிய அவசியமே இல்லை. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கணினியில் 0-க்கும் 1-க்கும் நடுவே 10,000 ரேண்டம் எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதாலேயே பெருக்கி ஹிஸ்டோகிராம் போட்டேன். பட்டை அகலம் 0.01. முதல் பட்டை மட்டும் தென்னைமரம் மாதிரி நின்றது; ஏறக்குறைய ஆயிரம் எண்கள் அதற்குள்! 0.1-க்குக் கீழே இருந்த எல்லாமே வர்க்கமானதும் 0.01-க்குள் போய் விழுந்துவிட்டன. எண்ணிக்கையைப் பட்டை அகலத்தால் வகுத்து உயரமாக வரைந்தால், பட்டையைக் குறுக்கக் குறுக்க மரம் வளர்ந்துகொண்டே போகும். அந்த அடர்த்திச் சார்பு 1/(2√x). 0-வை நெருங்கும்போது அதற்கு உச்சியே கிடையாது, ஆனால் மொத்தப் பரப்பு 1.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன், பிடிஎஃப்-ஐ முதலில் படிக்காதீர்கள். சிடிஎஃப்-இல், அதாவது ஓர் எண் வரை விழும் மொத்த வாய்ப்பைத் தரும் சார்பில் தொடங்குங்கள். அது உண்மையான நிகழ்தகவு, 0-வுக்குக் கீழேயும் போகாது, 1-க்கு மேலேயும் போகாது. அதன் சாய்வுதான் அடர்த்தி என்று பிறகு வாருங்கள். சாய்வு 2 ஆக இருந்தால் யாராவது பதறுவோமா? அலகையும் கூடவே எழுதுங்கள். "0.057" என்று விடாமல் "செ.மீ.-க்கு 0.057" என்று எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே போய்விடும். வைவாவுக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு படம் வரைந்துவிடுங்கள். ஃபால்ஸ், ட்ரூ விஷயத்தில் ஹெல்ப் பக்கத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு

குறுக்குக்கோடு:
வாசித்துவிட்டேன் சார். ரிப்போர்ட் போய் நாலு வருஷம் ஆகிறது.

அரைத்தூக்கம்:
நான் அறிவுரை கேட்கவில்லை, ஆனாலும் சாய்வு விஷயம் நன்றாக இருக்கிறது. அந்த வட்டம் மட்டும் இன்னும் விளங்கவில்லை. தப்பு என்று போட்டாரா, இல்லை கையில் இருந்ததை விட்டுவிட்டாயே என்று போட்டாரா? பத்துக்கு ஏழு வந்தது. அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.