காலநிலை அறிவு வரைபடம்: தமிழ்ப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன

வணக்கம். கிருஷ்ணகிரி அருகே அரசுப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தும் நான், கரியமில வாயு, வெப்ப உயர்வு, பருவமழை மாற்றம், மா விளைச்சல் ஆகியவற்றின் தொடர்பை மாணவர்கள் தொட்டுப் பார்த்து அறியும்படி, டி3 என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தைக் கொண்டு, கருத்துகளைப் புள்ளிகளாகவும் அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் காட்டும் அறிவு வரைபடம் ஒன்றை அமைத்து வருகிறேன். 1850–1900 காலத்தைவிட 2011–2020இல் புவியின் வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது என்ற ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்ற ஆய்வுக் குழு) தரவிலிருந்து, எங்கள் ஊர் மாந்தோப்பு வரை ஒரு பிள்ளை கோடு பிடித்துப் போக வேண்டும் என்பதே என் ஆசை.

வரைபடக் கோப்பை உலாவியில் நேரடியாகத் திறந்தபோது, அதற்கான ஜேசான் (JSON) வடிவத் தரவு ஏறவில்லை; என் கணினியிலேயே இயங்கும் பைத்தானின் உள்ளூர் சர்வர் வழியே திறந்ததும் அது சரியாயிற்று. ஆனால் கணுக்கள் (கருத்துப் புள்ளிகள்) பெருகப் பெருக, நீளமான தமிழ்ப் பெயர்கள் மோதிக்கொள்கின்றன; கணுக்களை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளும் விலக்கு விசையைக் கூட்டினாலோ படம் திரைக்கு வெளியே ஓடுகிறது. தொட்ட கணுவின் அண்டைக் கணுக்களை மட்டும் காட்டும் முறையைச் செய்து பார்த்தவர்கள், அந்த நிரல் பகுதியைத் தயவுசெய்து இங்கே பகிருங்கள்.