முகத்துவாரம் வரைக்கும்: கடலூர்த் துறைமுகத்தைச் சுற்றிக் காலை நடை

இந்தக் கரையில் நடக்கிற பல ஊர்க்காரர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராகச் சொன்ன குறிப்புகள் இவை. ஒவ்வொன்றின் தலைப்பும் சொல்கிறவரின் ஊர்.

தேவனாம்பட்டினத்திலிருந்து

கைபேசி வரைபடத்தை நம்பி, வெள்ளிக் கடற்கரையில் இறங்கித் தெற்கே நடந்தால் துறைமுகத்துக்குப் போய்விடலாம் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கெடிலமும் உப்பனாறும் கலந்து கடலில் விழும் முகத்துவாரம் அது. எதிர்க்கரை கூப்பிடு தூரம்தான். கோடையில் ஓரத்துத் தண்ணீர் முழங்கால் அளவே தெரியும். ஆனால் நடுவில் படகு போகிற வாய்க்கால் ஆழமானது. வத்தத்தில், அதாவது கடல் இறங்குகிற நேரத்தில், ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு இழுக்கும்போது, இடுப்பளவு தண்ணீரிலேயே கால் நிற்காது. மணல் திட்டின் விளிம்பில் நிற்பதும் வேண்டாம். மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் தண்ணீர் அரித்திருக்கும், ஆள் ஏறினால் பாளமாகச் சரியும்.

ஆகவே இதை ஒரே நடையாக வைத்துக்கொள்ளாமல் இரண்டு காலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வெள்ளிக் கடற்கரையிலிருந்து வடக்கே தாழங்குடா வரை. ஆற அமர நடந்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கே தென்பெண்ணை குறுக்கே வந்துவிடும், அத்தோடு திரும்ப வேண்டியதுதான். இன்னொரு நாள் துறைமுகம் இருக்கிற முதுநகர்ப் பக்கம். ரயிலில் வருகிறவர்கள் திருப்பாப்புலியூரில் இறங்கிவிடாமல் கடலூர் துறைமுகம் சந்திப்பில் இறங்கினால் ஆட்டோ செலவு மிச்சம்.

முதுநகரிலிருந்து

துறைமுகப் பக்கம் நடக்கிறவர்கள் கண்ணை வைக்க வேண்டிய இடம் கடல் அல்ல, கால். விடியற்காலை இருட்டில் படகுகளின் நங்கூரக் கயிறு முழங்கால் உயரத்தில் விறைத்து நிற்கும். செல்போன் விளக்கை நேரே அடித்தால் கயிறு தெரியாது, தரையோடு தாழ்த்திப் பிடித்தால்தான் நிழல் விழுந்து தெரியும். வலையிலிருந்து உதறிப் போட்ட கெளுத்தியின் முள் செத்த பிறகும் விறைப்பாகவே இருக்கும். ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். திருக்கை வால் முள்ளும் அப்படித்தான். குதிகாலில் வார் உள்ள, அடி தடித்த செருப்பு நல்லது. மணலில் வெறுங்கால் சுகம்தான், மீன் இறங்குகிற இடத்தில் அந்தச் சுகம் வேண்டாம்.

கரைவலை இழுப்பதைப் பார்க்க நேர்ந்தால், கயிற்றைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போகக் கூடாது. அலை வலையைத் தூக்கும்போது கயிறு திடீரென்று எகிறும். இழுப்பவர்களின் முதுகுக்குப் பின்னால், மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். "அண்ணே, போலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஃபைபர் படகு அலையில் ஏறிக் கரைக்கு வரும்போது அதன் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். கடைசி அலையில் படகு, ஓட்டுகிறவரின் கையில் இருப்பதைவிட அலையின் கையில்தான் அதிகம் இருக்கும்.

அமைதி வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், வலை பொத்துவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் நடக்கும். ஒரே குறை, வெயில். ஜூனில் சூரியன் 5.45 வாக்கிலேயே எழுந்துவிடும். மேற்கேயிருந்து கச்சான் காற்று பலமாக வீசுகிற நாளில் கடற்காற்று மத்தியானம் வரை உள்ளே வராது, எட்டு மணிக்கே மணல் சுடும். ஐந்துக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஜனவரிக் கடைசியில் விடிவதே 6.30-ஐ ஒட்டித்தான், அப்போது அவசரமில்லை.

தாழங்குடாப் பக்கத்திலிருந்து

எந்த மணலில் நடப்பது என்று யாரும் சொல்லவில்லை. உலர்ந்த மேட்டு மணலில் நடப்பது தார்ச்சாலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு. அலை ஏறி இறங்கிய ஈரப் பட்டையில், கால் வைத்ததும் பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்துக் காய்ந்தாற்போல ஆகிறதா என்று பாருங்கள். அதுதான் கெட்டி மணல். மிதித்ததும் மணல் துகள்கள் விலகி இடம் கொடுக்க, மேலே இருந்த தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்குவதால்தான் அந்த வெளுப்பு. குமிழிக் குமிழியாகத் துளை விட்டிருக்கிற மணல் காற்று அடைத்தது, கணுக்கால் வரை புதையும்.

நம் கரை சரிவானது. வடக்கே போகும்போது கடல் வலக்கைப் பக்கம், அதனால் வலது கால் எப்போதும் பள்ளத்தில். ஒரு மணி நேரத்தில் இடுப்பும் முட்டியும் வலிக்கத் தொடங்கும். போன தடத்திலேயே திரும்பி வந்தால் சரிவு மற்றக் காலுக்கு மாறிவிடும். போகும்போது மணல், வரும்போது ஆட்டோ என்று வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் மறுநாள் நொண்டல்.

நேரத்தைப் பார்க்கிற அளவுக்குத் திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியன்று காலை எட்டு ஒன்பது மணி வாக்கில் கடல் ஏத்தம் உச்சத்தில் இருக்கும், கெட்டி மணலே கிடைக்காது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அந்தக் கணக்கில் பஞ்சமி, சஷ்டி, சப்தமிக் காலைகளில் ஆறிலிருந்து எட்டரைக்குள் வத்தம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இங்கே ஒரு மீட்டருக்குள்தான் வித்தியாசம் என்றாலும், பட்டை அகலமாகக் கிடைக்க அது போதும்.

புதுச்சேரியிலிருந்து

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம் ஆற்று வாயில் 1980களில் கல்சுவர் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மார்ச் முதல் அக்டோபர் வரை அப்படி, வாடைக் காலத்தில் மட்டும் எதிர்ப்பக்கம். சுவர் அந்த ஓட்டத்தை மறித்ததும் தெற்கே வீராம்பட்டினப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை மணலை இழந்து கருங்கல் மட்டும் மிஞ்சியது. பிறகு கடலுக்குள் எஃகுத் தடுப்பு வைத்து, மணலையும் கொட்டித்தான் கொஞ்சம் திரும்பக் கிடைத்திருக்கிறது. தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர், எங்கே கண்டாலும் இந்த ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: தெற்கே நடக்க அகலம் இருக்கும், வடக்கே இருக்காது.

கல்சுவரின் மேல் ஏறினால் பச்சைப் பாசி படிந்த வரிக்குக் கீழே கால் வைக்காதீர்கள். சுவரை ஒட்டிய தண்ணீர் சும்மா கிடப்பது போலத் தெரியும். அங்கேதான் உள்ளிழுக்கும் ஓட்டம்.

முட்டிவலிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலைதான் சரி. மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள், தரை சமம், உட்கார இடமும் உண்டு. 2022-இல் இடிந்த பழைய துறைமுகப் பாலத்தின் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

மறுபடி தேவனாம்பட்டினத்திலிருந்து

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடக் கரையேறும். மணலில் டிராக்டர் தடம் போல ஒன்று கடலிலிருந்து மேடேறித் திரும்பியிருந்தால் அது ஆமைத் தடம். ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இருக்கும். மிதிக்காமல், தோண்டிப் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். குஞ்சு வருகிற நாளில் டார்ச் அடிக்கக் கூடாது, வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ஊர்ப் பக்கம் ஓடிவிடும்.

சொறி, அதாவது ஜெல்லி, கரையில் செத்துக் கிடந்தாலும் தொட்டால் சுடும். பட்டுவிட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் எரிச்சல் கூடும்.

முதுநகரிலிருந்து, ஒரு திருத்தம்

திதிக் கணக்கு சரி, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் நம்பாதீர்கள். வாடைக்காற்று நாள்கணக்கில் அடித்தால் கடல் வத்தத்திலும் இறங்காது. கெடிலத்தில் வெள்ளம் வந்த மறுநாள் கரை முழுக்க ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடக்கும். அதற்குள் பாம்பு ஒண்டியிருக்கலாம், காலால் தள்ளாதீர்கள். துறைமுகத்தில் 1ஆம் எண் கூண்டு ஏற்றினால் புயல் எங்கோ தூரத்தில் உருவாகலாம் என்று பொருள், சாலையோடு நடந்துவிட்டு வரலாம். 3ஆம் எண் என்றால் பலத்த காற்று துறைமுகத்துக்கே வருகிறது, அன்றைக்கு மணலில் இறங்க வேண்டாம்.