லெ மோர்னில் கைட் கயிறு: எனக்கு நடந்தது

ஜூலை மாதம். தென்கிழக்குக் காற்று மூன்று நாளாக விடாமல் அடித்தது. மொரீஷியஸின் லெ மோர்ன் கரையில், பலகையில் நின்று கடலில் சறுக்க என்னை இழுக்கும் பெரிய பட்டமான 9 சதுர மீட்டர் கைட்டுக்குக் காற்றடித்துவிட்டுப் பார்த்தால், இடப்பக்க பிரைடிலில் (கைட்டின் முன்விளிம்பைத் தாங்கும் கிளைக்கயிறுகளில்) கப்பி ஓடும் இடத்தில் உறை தேய்ந்து உள்நார் தெரிந்தது. மாற்றுக் கயிறு கியூர்பீப் வீட்டில் இருந்தது. திரும்பிப் போக மனமில்லை. தேய்ந்த பகுதியை மடித்து ஒரு முடிச்சுப் போட்டு ஏற்றிவிட்டேன்.

பாரை (கைட்டைத் திருப்பும் கைப்பிடிக் கம்பை) நேராகப் பிடித்தாலும் கைட் ஒரே பக்கம் சாய்ந்தது. முடிச்சைத் தாண்டிக் கப்பி நகரவில்லை. அப்போதே இறக்கியிருக்க வேண்டும், இறக்கவில்லை. அந்தக் கயிறு டைனீமா என்ற வழுக்கும் நார், சாதாரண முடிச்சு அதில் நிற்காது. கரைக்கும் பவளத்திட்டுக்கும் இடையே உள்ள லகூனின் நடுவில் முடிச்சு உருவிக்கொண்டது, கைட் சுழன்று என்னை இழுத்தது. கைட்டின் இழுப்பை விடுவிக்கும் குயிக் ரிலீஸைத் தள்ளிவிட்டேன். ஒன் ஐ என்ற அலைச்சறுக்கு இடத்தின் பக்கம் பவளத்திட்டில் உள்ள திறப்பு வழியாக நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுக்கும். அதை நினைத்தபோது கை நடுங்கியது. நல்லவேளை, ஒரு மீன்பிடிப் படகு வந்து ஏற்றிக்கொண்டது.

கரையில் ஓர் அண்ணன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இரு பக்கக் கயிறுகளையும் ஒரே ஆணியில் மாட்டி, ஒரே அளவு இழுத்து, ஒவ்வொரு துண்டாக ஒப்பிட வேண்டும். பழைய கயிறு இழுபட்டு நீண்டிருக்கும், அதனால் ஒரு பக்கம் தேய்ந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். கைட் செய்தவர்கள் சொன்ன அதே நீளம், அதே தடிமன், நுனியில் தைத்த கண்ணி. நாமாக மாற்றக்கூடியது கைட்டிலேயே கொடுத்திருக்கும் இடங்கள் மட்டும்தான், உதாரணமாகக் கைட்டைத் திருப்பும் பின் லைன் மாட்டும் இடம். சில கைட்டில் இறக்கை நுனியில் இரண்டு மூன்று இடம் கொடுத்திருப்பார்கள். பாரின் கனமும் திரும்பும் வேகமும் அதில் மாறும். வலமும் இடமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எதை மாற்றினாலும் முதலில் மென்காற்றில், காற்று போகும் பக்கம் யாரும் இல்லாத இடத்தில் பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

மறுமொழி:
அண்ணா, எனக்கு ரோட்ரிக்ஸ் தீவில், மூருக்கில் இதேபோல் நடந்தது. கப்பியில் உப்பும் மணலும் இறுகிச் சக்கரம் சுற்றவில்லை; அப்புறம் அதுவே ரம்பம் மாதிரி கயிற்றை அறுத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, கயிறு முழுக்க விரலை ஓட்டிப் பார்க்கிறேன். சொரசொரப்பு பட்டால் அன்றைக்குக் கைட் பைக்குள்ளேயே இருக்கும். உங்கள் தேய்ந்த கயிற்றைத் தூக்கிப் போடாதீர்கள், புதிதாகப் பழக வரும் பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்கக் கொடுக்கலாம்.